டேஷ்போர்டு பளபளத்தால் சுத்தம் என்று நினைத்திருந்தேன்

மூன்று வருடத்துக்கு முன்பு, தை மாதம். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மனைவி பக்கத்து சீட்டில், பையன் பின்னால் தூக்கத்தில். ஏழரை மணி இருக்கும், துவாக்குடி தாண்டியதும் சூரியன் நேர் எதிரே வந்து நின்றது. அந்தச் சாலையில் காலையில் கிழக்கே ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை, சன் வைசரை இறக்கிவிட்டுக் கொஞ்சம் மெதுவாகப் போவார்கள். நானும் அப்படித்தான் போவேன். ஆனால் அன்றைக்கு முன்கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளைத் திரை கட்டினமாதிரி ஆகிவிட்டது. சாலை தெரிவதற்குப் பதிலாக என் டேஷ்போர்டின் உருவம் கண்ணாடியில் தெரிகிறது. ஏசி வென்ட், பிள்ளையார் சிலை, ஓரத்தில் கிடந்த டோல் ரசீது எல்லாம் அப்படியே.

"என்னங்க, ஆளு!" என்று மனைவி கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். பத்தடி முன்னால் ஒருவர் கேரியரில் வாழைத்தார் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தின பிறகும் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள்தான் வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்திருந்தேன். முடிக்கிற நேரத்தில் "உள்ளே பாலிஷ் போட்டுடவா சார்?" என்று கேட்டார்கள், சரி என்றேன். எடுக்கும்போது டேஷ்போர்டு கண்ணாடிபோல் மின்னியது, எனக்கும் சந்தோஷம்தான். அந்த மின்னல்தான் மறுநாள் காலை வெயிலை வாங்கி முன்கண்ணாடியில் அடித்தது. சாலையோரத்தில் நின்று துண்டை எடுத்துத் துடைத்தேன், எண்ணெய் இன்னும் பரவினதுதான் மிச்சம். கடைசியில் டேஷ்போர்டின் மேல் பையனின் கறுப்புப் போர்வையை விரித்துக்கொண்டு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம்.

அன்றிலிருந்துதான் காருக்குள்ளே இருக்கிற பிளாஸ்டிக், ரெக்சின் விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். செய்து பார்த்து, கெடுத்து, சரிசெய்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பளபளப்பு வேறு, சுத்தம் வேறு, பாதுகாப்பு வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் நம்மூர் வண்டிகளில் பாதி உள்பக்கம் கெட்டுப்போகிறது என்பது என் கருத்து.

என் கார் 2011 மாடல் வேகன் ஆர், 2015-இல் இரண்டாம் கையாக வாங்கியது. முதல் ஓனர் நல்ல மனிதர், வண்டியைப் பிள்ளைபோல வைத்திருந்தார், ஆனால் மாதம் ஒருமுறை டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவாராம். அதைப் பெருமையாகவே சொல்லிக் கொடுத்தார், நானும் ஒரு வருடம் அப்படியே செய்தேன். தடவின அன்றைக்குக் கறுப்பு நன்றாக எடுத்துக்கொடுக்கும். மூன்றாம் நாள் தொட்டால் விரலில் ஒட்டும். நம்மூர் சாலையில் ஜன்னலை இறக்கினால் வருகிற தூசி முழுக்க அந்த எண்ணெயில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் மறுபடியும் எண்ணெய். டேஷ்போர்டில் தோல் மாதிரி சின்னச் சின்ன சொரசொரப்பு இருக்கும் அல்லவா, அந்தக் குழிகளுக்குள் இந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிமண்போல் இறுகிவிட்டது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் முதல்முறை தேய்த்தபோது வந்த அழுக்கு சமையலறைப் புகைபோக்கியில் படியும் பிசுக்கைப் போலவே இருந்தது.

பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் "குடிக்க" வைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. தலைமுடிக்கும் மரக்கதவுக்கும் செய்கிற மாதிரி. பிளாஸ்டிக் எதையும் குடிப்பதில்லை. இப்போதைய கார்களில் டேஷ்போர்டும் டோர் பேடும் (கதவின் உள்பக்கப் பலகை) பெரும்பாலும் பாலிபுரோப்பிலின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றினால் பின்பக்கத்தில் பிபி (பாலிபுரோப்பிலின்) என்றோ ஏபிஎஸ் (இன்னொரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) என்றோ முத்திரை இருக்கும். பாலிபுரோப்பிலின்மேல் பெயிண்ட்டே லேசில் ஒட்டாது, எண்ணெய் எங்கே உள்ளே போகும்? மேலேயே உட்கார்ந்து தூசிக்கு விரித்த பாயாகக் கிடக்கும்.

ரெக்சின் கதை வேறு. நாம் ரெக்சின் என்று சொல்வது பெரும்பாலும் பிவிசி, அதாவது வினைல். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள், வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான். அதே பொருளை மெத்தென்று மடியும்படி செய்ய, இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள், அதற்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். வெயிலில் வண்டி நின்று நின்று இந்தப் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே போகிறது. போகப் போக ரெக்சின் விறைக்கிறது, மடிப்பில் வெடிக்கிறது. வெளியே போனது எங்கே போகிறது என்றால், அதில் ஒரு பங்கு முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. மூடியே கிடக்கும் வண்டியில் கண்ணாடியின் உள்பக்கம் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள், கோடு தெரியும். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறும். அதனால் டேஷ்போர்டைச் சுத்தம் செய்கிற நாளில் முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் சேர்த்தே துடைத்துவிட வேண்டும்.

சூடு எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 2018-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கோடைக்காலத்தில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்தார்கள். வெயில் 38 டிகிரியைத் தாண்டின நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிங் 53, சீட் 51. அதே ஒரு மணி நேரம் நிழலில் நின்ற வண்டியில் டேஷ்போர்டு 48. கத்திரி வெயிலில் திருச்சியும் வேலூரும் 40-ஐத் தொடுகிற ஊர்கள், நமக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். அந்த இருபது டிகிரி வித்தியாசத்தை எந்தப் பாட்டில் பாலிஷும் தராது. நிழல் தரும்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் தப்பு செய்தேன்.

முதல் தப்பு, காய்ந்த தூசியை நேராக ஈரத்துணியால் துடைப்பது. தூசியில் மணல் இருக்கிறது. ஈரத்துணியில் மணல் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாள். என் மீட்டர் கண்ணாடியில் அரைவட்டமாக இருக்கும் கீறல்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். அது கண்ணாடியே இல்லை, தெளிவான பிளாஸ்டிக், நகம் பட்டாலே கோடு விழும். இப்போது என் வரிசை இது: முதலில் கதவுகளை எல்லாம் திறந்துவைத்து, மிதியடிகளை வெளியே எடுத்து உதறி, வாக்குவம் கிளீனரால் சீட்டு இடுக்கு, தரை எல்லாம் இழுத்துவிடுவேன். ஏசி வென்ட்டுக்கு அரை அங்குல பெயிண்ட் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன், மயிர் மெத்தென்று இருக்க வேண்டும். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் வாக்குவம் குழாய். பிரஷ் தூசியைக் கிளப்பக் கிளப்ப வாக்குவம் இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒரு இடத்துத் தூசி அடுத்த இடத்தில் போய் உட்காரும்.

அப்புறம்தான் தண்ணீர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கார் ஷாம்பு. கார் ஷாம்பு இல்லாவிட்டால் குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு. பாத்திரம் கழுவும் திரவத்தை நான் விட்டுவிட்டேன், பிசுக்கை எடுக்கும்தான், ஆனால் சொரசொரப்புக் குழிகளில் தங்கிவிட்டு வெள்ளையாகக் காயும், அதை எடுக்க மறுபடி மூன்று முறை துடைக்க வேண்டும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு இறுக்கிப் பிழிந்து, ஒரு சாண் அளவு இடமாகத் துடைக்க வேண்டும். டேஷ்போர்டின் மேலும் டோர் பேடின் மேலும் நேராகத் தண்ணீரோ ஸ்பிரேயோ அடிக்கவே கூடாது. ஹசார்டு சுவிட்ச், ஸ்டீரியோ, பவர் விண்டோ சுவிட்ச் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. டிரைவர் பக்கக் கதவின் பவர் விண்டோ சுவிட்சில் ஒருமுறை ஸ்பிரே இறங்கி, இரண்டு வாரம் கழித்து ஜன்னல் பாதியில் நின்றுவிட்டது. அடிப்பதாக இருந்தால் துணியின்மேல் அடியுங்கள்.

துணியில் போகாத இடத்துக்கு மெத்தென்ற பல்துலக்கும் பிரஷ். அழுத்தாமல், வட்டமாக. டோர் பேடில் கை வைக்கும் இடம், கியர் சுற்றி, ஹேண்ட்பிரேக் பக்கம், சீட் பெல்ட் கொக்கி மாட்டும் இடம், இங்கெல்லாம் கை வியர்வையும் தூசியும் சேர்ந்த கறுப்புப் படலம் இருக்கும். என் வண்டியின் டோர் பேட் சந்தன நிறம், அது பழுப்பாகவே இருந்ததால் வெயிலில் நிறம் மாறிவிட்டது என்று நினைத்திருந்தேன். பிரஷ்ஷால் தேய்த்து ஒரு துடை துடைத்ததும் துணி டீத்தூள் நிறத்துக்கு வந்தது, கீழே புது நிறம் இருந்தது. நான்கு வருடமாக அழுக்கைத்தான் நிறம் என்று நினைத்து ஓட்டியிருக்கிறேன்.

நுரை போட்டுத் துடைத்த பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும், அப்புறம் காய்ந்த துணியால் ஒருமுறை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடினத் தண்ணீர், கறுப்புப் பிளாஸ்டிக்கில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். அதனால் கடைசித் துடைப்புக்கு மட்டும் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஆர்ஓ குடிதண்ணீரும் சரிதான். ஆர்ஓ வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் போகிறது.

மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் சேர்க்கக் கூடாது, இழையின்மேல் படிந்து அழுக்கை எடுக்கும் தன்மை போய்விடும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் எஞ்சினுக்கு நல்லது, டேஷ்போர்டுக்கு வேண்டாம். உள்ளே தையல், ஊக்கு, காய்ந்த பிரிண்ட் எல்லாம் இருக்கும்.

என்னவெல்லாம் பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது என்பதற்கு என் வண்டியிலேயே சாட்சி இருக்கிறது. ஏசி வென்ட்டுக்கு மேலே ஒரு சின்ன வாசனைத் திரவ பாட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் வேகத்தடையில் குலுங்கிச் சாய்ந்து கொஞ்சம் வழிந்துவிட்டது. அவசரத்தில் கவனிக்கவில்லை, மாலையில்தான் பார்த்தேன். வழிந்த தடத்தில் சொரசொரப்பே இல்லை, மழுமழுவென்று, மெழுகுவத்தி உருகிக் காய்ந்த மாதிரி. அந்த வாசனையைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலையும் கரைத்துவிட்டது. இது அழுக்கில்லை, அதனால் எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. இன்றும் சுட்டுவிரல் நீளத்துக்கு அந்தத் தடம் இருக்கிறது. இப்போது சின்னத் துணிப்பையில் வெட்டிவேர் போட்டு சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

எலிக்கும் வாசனைக்கும் என்று கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையும் டேஷ்போர்டு மேலேயே வைக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. சில வகைப் பிளாஸ்டிக்கை இவை இரண்டுமே இளக்கிவிடும். பழைய செல்லுலாய்டு ஃபிலிமை வளையும்படி செய்யச் சேர்த்த பொருளே கற்பூரம்தான். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள்.

2020-இல் எல்லோரையும் போல நானும் சானிடைசரை ஸ்டியரிங், கியர், மீட்டர் கண்ணாடி என்று பார்த்த இடமெல்லாம் தேய்த்தேன். பயம், வேறு வழி தெரியவில்லை. மீட்டரின் தெளிவான பிளாஸ்டிக்கில் ஓரத்தில் தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் வந்தன. ஆல்கஹால் பட்டால் அந்த வகைப் பிளாஸ்டிக் அப்படி வெடிக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் இவற்றைக் காருக்குள்ளேயே கொண்டுபோக வேண்டாம், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்தே விடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கண்ணாடிக்கு மட்டும்தான், டச் ஸ்கிரீனுக்குக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். டீட் என்ற மருந்து கலந்த கொசு விரட்டியைக் கையில் பூசிக்கொண்டு உடனே டோர் பேடில் கை வைக்காதீர்கள், அதுவும் பிளாஸ்டிக்கையும் ரெக்சினையும் அரிக்கும்.

தேங்காய் எண்ணெயைக் குறை சொல்லிவிட்டேன், ஆனால் அதற்கு ஒரு உபயோகம் இருக்கிறது. பழைய ஓனர் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டியிருந்த பிள்ளையார் சிலையை எடுக்க வேண்டியிருந்தது. நெம்பினால் டேஷ்போர்டில் கீறல் விழும். தலைமுடி காயவைக்கும் டிரையரால் ஒரு நிமிடம் லேசாகச் சூடாக்கி, தையல் நூலை இரண்டு கையாலும் பிடித்துச் சிலைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ரம்பம் மாதிரி இழுத்தேன், அழகாக வந்துவிட்டது. மிச்சமிருந்த பசையின்மேல் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தேன். விரலால் உருட்டினால் பசை உருண்டை உருண்டையாக வந்தது. அப்புறம் ஷாம்புத் தண்ணீரால் எண்ணெய் போகத் துடைத்தாயிற்று. பிள்ளையாரை ஏன் எடுத்தேன் என்றால், மனைவிக்காகத் தனியாக வேறொரு சிலையை வாங்கியிருந்தோம், அதோடு சாமி சிலையை எங்கே ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம். 2021-க்குப் பிறகு வந்த புது மாடல் கார்களில் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டுக்காரருக்கான ஏர்பேக் டேஷ்போர்டின் அந்தப் பக்கத்துக்குள்தான் மடங்கிக் கிடக்கிறது. அதன் மூடிமேல் சிலை ஒட்டினால், விபத்தில் அது முகத்தை நோக்கிப் பறக்கும். அந்த மூடியின் இடுக்கில் பாலிஷ் இறங்கவும் விடக்கூடாது.

சீட்டு விஷயத்தில் எனக்கு ஆசான் அப்பாதான். அப்பா அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். தயாரிப்பு நின்றது 2014-இல், அப்பா அதற்கு முன்பே ஓட்டுவதை நிறுத்திவிட்டார், ஆனால் அந்த வண்டியின் பச்சை ரெக்சின் சீட் கடைசிவரை ஒரு வெடிப்பு இல்லாமல் இருந்தது. தினம் காலையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய வேட்டித் துணி. முதலில் மடிப்பை விரலால் விரித்து உள்ளே இருக்கும் மண்ணைச் சின்னத் துடைப்பத்தால் தள்ளுவார், பிறகுதான் துடைப்பார். "மண்ணு இருக்கிற மடிப்புல ஆளு உக்காந்தா அது அரம்டா தம்பி" என்பார். துடைத்த பிறகு காயும்வரை கதவு திறந்தே இருக்கும், காய்ந்தபின் வெள்ளை டர்க்கித் துண்டு விரிப்பார். வியர்வை ரெக்சினில் படாது, வெயில் நேராகப் படாது, துண்டை மட்டும் துவைத்தால் போதும். அந்தத் துண்டை டாக்ஸிக்காரர்களின் அலங்காரம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

என் வண்டிக்கு 2017-இல் குஷன் கடையில் போட்ட சீட் கவர், டிரைவர் சீட்டின் வலது ஓரத்தில் வெடித்தது. இறங்கி ஏறும்போது தொடை உரசும் இடம். பின்சீட்டில் அதே கவர் நன்றாகவே இருக்கிறது. குஷன் கடைக்காரர் ஒன்று சொன்னார், கடையில் லெதர் மாதிரி என்று விற்பதில் இரண்டு வகை இருக்கிறது. பிவிசி வகை விறைத்து வெடிக்கும், பியூ (பாலியூரித்தேன்) வகை பாம்புச் சட்டை மாதிரி உரிந்து உரிந்து வரும். பியூ உரிய ஆரம்பித்தால் எந்தக் கிரீமும் காப்பாற்றாது, காற்றின் ஈரமும் சூடும் சேர்ந்து உள்ளேயே சிதைத்துவிடுகிறது. சில பழைய வண்டிகளில் கதவுக் கைப்பிடி, சுவிட்ச் எல்லாம் ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சோடு வரும், பத்து வருடத்தில் அது பிசுபிசுவென்று கையில் ஒட்டுவதும் இதே காரணத்தால்தான். அந்தப் பூச்சை முழுக்க எடுத்துவிடுவது ஒன்றே வழி, கீழே இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும்.

புது ஜீன்ஸ் போட்டு வெளிர்நிற ரெக்சினில் உட்கார்ந்தால் நீலம் ஏறும். அன்றைக்கே ஷாம்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும். ஒரு கோடை தாண்டிவிட்டால் சாயம் உள்ளேயே இறங்கிவிடும், அப்புறம் கஷ்டம்.

இனி பூசுவது. பூசவே வேண்டாமா என்றால், வேண்டும் என்பதுதான் என் பதில், ஆனால் சரியானதை, கொஞ்சமாக. எண்ணெய்ப் பசையாக, கெட்டியாக, பளபளவென்று வரும் சிலிகான் பாலிஷ்களை நான் விட்டுவிட்டேன். சிலிகான் தானாகப் பிளாஸ்டிக்கை அரிப்பதில்லை, பயப்பட வேண்டாம், ஆனால் அதைக் கரைத்து வைத்திருக்கும் பெட்ரோலியக் கரைப்பானும், காயாத பிசுக்கும், கண்ணாடியில் அடிக்கும் வெளிச்சமும்தான் தொல்லை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, பால் மாதிரி இருக்கும், பாட்டிலில் மேட் ஃபினிஷ் (பளபளக்காதது) என்றும் புற ஊதாக் கதிர் பாதுகாப்பு என்றும் போட்டிருக்கும், அதைத் தேடி வாங்குங்கள். வண்டி சூடாக இருக்கும்போது பூசக்கூடாது, திட்டுத்திட்டாகக் காயும். சாயங்காலம் நிழலில், சுத்தம் செய்து முழுக்கக் காய்ந்த பிறகு, ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய் நாணய அளவு எடுத்து ஒரு பகுதிக்குத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைத்தபின் தொட்டால் கையில் எதுவும் ஒட்டக்கூடாது, பூசியதே தெரியக்கூடாது. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை பூசுகிறேன்.

டேஷ்போர்டைவிட டோர் பேடின் மேல்விளிம்புக்குத்தான் இது அதிகம் தேவை. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் அப்படியில்லை, கணிசமாக உள்ளே விடும்.

ஸ்டியரிங், கியர் நாப், ஹேண்ட்பிரேக், பெடல், பெடல் பக்கத்து மிதியடி இவற்றில் எந்தப் பாலிஷும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பெடலில் பாதம் வழுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வாட்டர் சர்வீஸ் விடும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "தம்பி, உள்ள பாலிஷ் வேண்டாம், வாக்குவம் போட்டு ஈரத்துணியால துடைச்சா போதும்." அவர்கள் நல்லதுக்குத்தான் போடுகிறார்கள், சொல்லாவிட்டால் போடத்தான் செய்வார்கள்.

வெயிலுக்கு நான் செய்வது மூன்று. முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி நிற சன்ஷேடு, ஐந்து நிமிட வேலையாக இறங்கினாலும் மாட்டிவிடுவேன். ஸ்டியரிங்மேல் ஒரு வெள்ளைத் துண்டு. நிழல் கிடைத்தால் நூறடி தள்ளியானாலும் நிழலில் நிறுத்துவேன். வேப்பமர நிழல் நல்லது, காக்கை எச்சமும் வேப்பம்பூவும் விழும், அது வெளியே, கழுவிக்கொள்ளலாம். கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது, அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஐப்பசி கார்த்திகை மழையில் வேறு பிரச்சினை. ஈரக்காலோடு ஏறி இறங்கி, நான்கு நாள் வண்டி எடுக்காமல் விட்டால் ஸ்டியரிங்கிலும் சீட் பெல்ட்டிலும் வெள்ளைப் பூஞ்சை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்துத் துடைத்தேன், போனது. வெயில் வந்த அன்று நான்கு கதவையும் திறந்து ஒரு மணி நேரம் காயவிட்டேன். மிதியடிக்குக் கீழே இருக்கும் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள், அது ஈரமாக இருந்தால் மேலே எத்தனை துடைத்தும் பூஞ்சை திரும்ப வரும்.

கடைசியாக ஆயுத பூஜை. வருடா வருடம் ஸ்டியரிங், டேஷ்போர்டு, கியர் என்று எல்லா இடத்திலும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்போம். ஒரு வருடம் மறுநாள் காலையில் நேராக ஈரத்துணியைப் போட்டுத் துடைத்தேன். குங்குமச் சாயம் கரைந்து டேஷ்போர்டின் கீழ்ப்பாதி சந்தன நிறப் பிளாஸ்டிக்கில் இறங்கிவிட்டது. குங்குமத்தை முதலில் காய்ந்தபடியே பிரஷ்ஷாலும் வாக்குவத்தாலும் எடுத்திருக்க வேண்டும், பொடி முழுக்கப் போன பிறகுதான் ஈரம். விபூதியும் அப்படித்தான், மீட்டர் கண்ணாடியில் விழுந்தால் ஊதி விடுங்கள், தேய்க்காதீர்கள். மாலையில் இருக்கும் ரோஜாவும் வாடி ஒட்டினால் கறை விடும்.

இதை மனைவியிடம் சொல்லத் தயங்கினேன், சாமி காரியம். அவளே வழி கண்டுபிடித்தாள். போன ஆயுத பூஜைக்கு முன்கண்ணாடியின் ஓரத்திலும் பானெட்டிலும் மட்டும் சந்தனம் குங்குமம் வைத்தாள், டேஷ்போர்டுக்கு ஒரு வெற்றிலையை விரித்து அதன்மேல் வைத்தாள், ஸ்டியரிங்குக்குப் பூச்சரம் மட்டும். மறுநாள் வெற்றிலையை எடுத்துச் செடியில் போட்டேன், கண்ணாடியை ஒரு துடை துடைத்தேன். கிளவ் பாக்ஸுக்குக் கீழே அந்தப் பழைய இளஞ்சிவப்புக் கறை மட்டும் இன்னும் இருக்கிறது, குனிந்து பார்த்தால் தெரியும்.